தள்ளியது நானே

எங்கள் துன்பியல் நாடக மன்றத்தில் வாரத்துக்கு நாலு பேர் சாவார்கள். ஆனால் ஒரு கொலையைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பழங்காலத் துன்பியல் நாடகத்தின் முறை அப்படி. வெட்டும் குத்தும் அரண்மனைக் கதவுக்குப் பின்னால் நடக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தூதுவன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து, ‘ஐயகோ’ என்று ஆரம்பித்து, உள்ளே நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்லுவான். கூட்டுப்பாடகர்கள் பன்னிரண்டு பேர் தலையில் கைவைத்துக்கொண்டு புலம்புவார்கள். ஓடிப்போய்த் தடுக்க மாட்டார்கள். அது அவர்கள் வேலை இல்லை.

மன்றத்தை ஆரம்பித்த புண்ணியவான் இந்த முறையைச் சட்டமாகவே எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். விதி ஏழு: ‘இக்கட்டடத்தில் வன்முறை நிகழலாகாது, அறிவிக்கப்படலாம்.’ மேடை என்று எழுத நினைத்திருப்பார். கை தவறிக் கட்டடம் என்று எழுதிவிட்டார். அவர் கை தவறியதை வைத்து முப்பது வருஷமாக ஒரு நிர்வாகமே நடக்கிறது. போன வருஷம் மேலாளர் வாசல் காவலாளியைக் கன்னத்தில் அறைந்தார். கட்டடத்தில் வன்முறை நிகழாது அல்லவா, அதனால் அது ‘கை நீட்டிய கருத்து வேறுபாடு’ என்று பதிவானது. காவலாளிக்கு இன்றைக்கும் இடது காது சரியாகக் கேட்காது.

நான் உடை அறையில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தைப்பது, துவைப்பது, தேய்ப்பது, அப்புறம் ரத்தம் கலக்குவது. கதவுக்குப் பின்னால் செத்தவர்களைக் கடைசிக் காட்சியில் மேடைக்குத் தூக்கிவருவார்கள், அவர்கள் உடையில் ரத்தம் வேண்டுமே. சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், நிறம் கெட்டிப்பட ஒரு கரண்டி கோகோ தூள். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் அறையைத் திறந்தால் ராஜாவின் அங்கியில் எறும்பு சாரிசாரியாக ஏறிக்கொண்டிருக்கும். இந்த எறும்பு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக் குழு ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மன்றத்துக்கு இயக்குநர்கள் இரண்டு பேர். சம அந்தஸ்து, சம அதிகாரம், ஒரே அறை. ஒருவரை நாங்கள் தாடி என்போம், மற்றவரைக் கோட்டு என்போம். காரணம் பார்த்தாலே தெரியும். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டு பேரும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள். தாடியின் ஆராய்ச்சி ‘துன்பியலில் பொறாமை’. கோட்டு ஆராய்ந்தது ‘துன்பியலில் அழுக்காறு’. பொறாமை வேறு, அழுக்காறு வேறு என்று நிரூபிக்க இரண்டு பேரும் தலா முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் போய், போட்டி மனிதனை எப்படி அழிக்கும் என்று பேசுவார்கள். ஒரே மேடையில் பேச மாட்டார்கள். யார் முதலில் பேசுவது என்று தீராது.

அவர்கள் அறை வாசலில் ஒரு மரப் பலகை. அதில் இரண்டு பெயர்ப் பட்டைகள், மேலே ஒன்று கீழே ஒன்று. வந்தது வினை. தாடி காலையில் ஓர் ஆணை போடுவார்: என் பெயர் மேலே வர வேண்டும். கோட்டு மத்தியானம் ஓர் ஆணை போடுவார்: என் பெயர் மேலே வர வேண்டும். இரண்டும் முறைப்படியான ஆணை, இரண்டிலும் முத்திரை இருக்கும். நிறைவேற்ற வேண்டியவர் மன்றத்தின் தச்சர். அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அரண்மனை, தேர், சிம்மாசனம் எல்லாம் செய்யத் தெரிந்த கை அது. அந்தக் கை எட்டு மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை நாலு திருகாணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் ஓட்டை பெரிதாகித் திருகாணி நிற்காமல் போய், பலகையையே மூன்று முறை மாற்றினார். “விடுங்க மச்சான், ரெண்டு பேருக்கும் அது ஒரு மருந்து மாதிரி” என்று சிரிப்பார். கோபமே வராத மனுஷன்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால். எனக்கு எப்படித் தெரியும் என்றால் நான் அங்கே நின்றேன். துவைக்க வேண்டிய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஏணியில் நின்று தாடியின் பட்டையை மேலே முடுக்கிக்கொண்டிருந்தார். ஏணியடியில் தாடி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கோட்டு சீக்கிரமே வந்துவிட்டார். இரண்டு பேரும் கூச்சல் போடவில்லை. அவர்கள் என்றைக்குமே கூச்சல் போட மாட்டார்கள், படித்தவர்கள். தாங்கள் கொஞ்சம் விலகினால் நலம் என்றார் ஒருவர். விலகுதல் எனக்கு வழக்கமில்லை என்பது தாங்கள் அறிந்ததே என்றார் மற்றவர். பேசிக்கொண்டே தாடி ஏணியின் இடது காலைப் பிடித்தார், கோட்டு வலது காலைப் பிடித்தார். இவர் அப்படித் தள்ளினார், அவர் இப்படித் தள்ளினார்.

“சார், மேல நான் இருக்கேன் சார்” என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பேரும் இன்னொரு தடவை தள்ளினார்கள். ஏணி ஒரு பக்கம் போனது, மாப்பிள்ளை ஒரு பக்கம் போனார். கல் தரையில் தலை மோதிய சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் கூட்டுப்பாடகர்கள் பன்னிரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி, ராஜாவின் அங்கியை எடுத்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினேன். தாடியும் கோட்டும் அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. எழுதியவர் மன்றச் செயலாளர் அம்மா. நல்ல மனுஷி, யாரிடமும் கடிந்து பேச மாட்டார், அதுதான் அவரிடம் பயம். அறிக்கை ஒரே வரி: ‘நிதானமற்ற நிலையில் இருந்த ஊழியர் ஏணியிலிருந்து தானாக விழுந்தார்.’ நிதானமற்ற நிலை என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். குடித்திருந்தான் என்று எழுத அவர்களுக்கு வாய் கூசும், அதனால் இப்படி எழுதுவார்கள். இறுதி விசாரணையில் இந்த வரி உறுதியானால் வேலை போய்விடும். வேலை போனால்கூடப் பரவாயில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனுஷனைக் குடிகாரன் என்று ஊரே பேசும்.

இதில் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. அடி பட்டதில் மாப்பிள்ளைக்கு வலது கை அசையவில்லை, நாக்கும் குழறியது. செயலாளர் அம்மா ஆஸ்பத்திரிக்கே போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாக விசாரித்தார். அன்றைக்குக் குடித்திருந்தீர்களா என்று கேட்டார். இல்லை, நான் குடிக்கிறதே இல்லை என்று சொல்ல மாப்பிள்ளை படாத பாடு பட்டார். சொல் ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு, எச்சில் வழிந்துகொண்டு வந்தது. செயலாளர் அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தக் குறிப்பைப் பார்த்தேன்: ‘பேச்சு குழறுகிறது. இன்னமும் நிதானத்துக்கு வரவில்லை.’

படித்ததும் அந்தத் தாளைத் தொட்ட கையைப் போய்க் கழுவினேன். பொய்யாகத் தயாரித்த ரத்தத்தை இருபத்திரண்டு வருஷமாகத் துவைத்தவன் நான், எனக்கு அருவருப்பு சுலபத்தில் வராது.

தங்கச்சி அழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். விழுந்தார்னு எழுதியிருக்கிறதை அடிச்சிட்டு, தள்ளிட்டாங்கன்னு எழுத வை. ஒரு வார்த்தைதானே. நீ பார்த்தவன்தானே” என்றாள்.

ஒரு வார்த்தைதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. விதி ஏழின் துணைவிதி இரண்டின்படி, வன்முறையை நேரில் பார்த்தவர் அதை அறிவிக்க முடியாதாம். செயலாளர் அம்மா பொறுமையாக விளக்கினார். தூதுவன் என்பவன் நிகழ்ச்சிக்கும் சபைக்கும் நடுவில் நிற்பவன், அவனுக்குச் சார்பு கிடையாது, பார்த்தவனுக்கோ உணர்ச்சி இருக்கும், உணர்ச்சி இருந்தால் உண்மை கலங்கிவிடும். பார்க்காதவர் யாராவது எழுதினால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம் என்றார்.

நான் விடவில்லை. என் கெஞ்சல் பொறுக்காமல், தூதுவன் நடையில் எழுதிவந்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். அதற்கு ஒரு மாதிரிப் படிவம் உண்டு. நீளச் சுருள் தாள், சிவப்பு நாடா. ‘ஐயகோ’ என்று தொடங்க வேண்டும். சபையை மூன்று முறை விளிக்க வேண்டும். மிருகங்களோடு ஓர் உவமையாவது இருக்க வேண்டும். உயர்ந்தவர்களை அவர் என்றும் தாழ்ந்தவர்களை அவன் என்றும் குறிக்க வேண்டும். என் மாப்பிள்ளையை அவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு வழியில்லாமல் எழுதினேன். மன்றத்தின் தட்டச்சர் அதைச் சுருளில் அடித்து, நாடா கட்டிக் கொடுத்தார். செயலாளர் அம்மா வாங்கிப் பார்த்து, நடை நன்றாக வந்திருக்கிறது என்று மனசாரப் பாராட்டினார். பிறகு, அதிகாரபூர்வத் தூதுவரை ஏற்கெனவே நியமித்துவிட்டதால் இது தேவைப்படாது என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு குறிப்பாணை வேறு. ‘நடைபாதையில் சுமார் அரை லிட்டர் நாடக ரத்தம் அனுமதியின்றிச் சிந்தியது ஏன் என விளக்கம் தரவும்.’

“அது ரத்தம் மேடம்” என்றேன்.

“ரத்தம்னுதான் நாங்களும் எழுதியிருக்கோம்” என்றார் செயலாளர் அம்மா.

நான் கலக்குகிற ரத்தத்துக்கு எறும்பு வரும், இதற்கு எறும்பு வரவில்லை, கழுவிவிட்ட பிறகும் இரண்டு நாள் ஈதான் மொய்த்தது, வேண்டுமானால் ராஜாவின் அங்கியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். கவனமாக எழுதிக்கொண்டார்கள். மறு வாரம் இரண்டு பேர் முதுகில் குழாய் மாட்டிக்கொண்டு வந்து கட்டடம் முழுக்கப் பூச்சி மருந்து அடித்தார்கள். என் புகாரின் பேரில் எடுத்த நடவடிக்கை என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது.

இறுதி விசாரணை பிரதான அரங்கிலேயே நடந்தது. அதிகாரபூர்வத் தூதுவர் என்றால் யாரோ எவரோ இல்லை, நாடகத்தில் தூதுவன் வேஷம் கட்டுகிற நடிகரேதான். எழுபதை நெருங்குகிறவர், அண்டா மாதிரிக் குரல், நினைவு மட்டும் அறவே கிடையாது. பத்து வருஷமாக வசனத்தைச் சுருளில் பார்த்துத்தான் படிக்கிறார். தூதுவன் கையில் சுருள் இருப்பது பொருத்தம்தானே, அதனால் யாரும் கண்டுகொண்டதில்லை. கையில் எதைக் கொடுத்தாலும் உருகி உருகிப் படிப்பார். என்ன படித்தோம் என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவை சலவைப் பட்டியலைப் படித்து ஒத்திகையில் இரண்டு பேரை அழவைத்திருக்கிறார்.

சம்பவத்தன்று அவர் ஊரிலேயே இல்லை. அதனால் அவருக்குச் சார்பு இல்லை. செயலாளர் அம்மா எழுதிக்கொடுத்ததை மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து படித்தார். ‘ஐயகோ, ஏணி தன் ஊழால் சரிந்தது’ என்று அவர் சொன்னபோது குழுவினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுதிய செயலாளர் அம்மாவே தேம்பினார்.

அடுத்து நிபுணர் கருத்து. தாடி எழுந்து அரை மணி நேரம் பேசினார். துன்பியலின் அடிப்படையே செருக்கு. மனிதன் தன் எல்லையை மீறி உயரத்துக்கு ஏறுகிறான். உயர ஏறியவனின் வீழ்ச்சிக்கு வெளியே காரணம் தேடுவது கலை அறியாமை. இந்தத் தச்சர் எட்டு மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை உயர ஏறியிருக்கிறார் என்பதைக் குழு கவனிக்க வேண்டும் என்றார். கோட்டு எழுந்து, தம் நண்பர் கூறியதை வாழ்க்கையில் முதன்முறையாக ஆமோதிப்பதாகச் சொன்னார். போட்டி என்ற கொடிய மிருகம் மனிதர்களை எப்படிக் குருடாக்குகிறது என்பதற்கு, ஏணியோடு போட்டி போட்ட இந்த ஊழியரே சான்று என்றார். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் கைகுலுக்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டுப்பாடகர்களைக் கேட்டார்கள். புலம்புவது தவிர வேறு எதற்கும் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். ‘தானாக விழுந்தார்’ உறுதியானது.

நான் தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதிய நாடகத்தின் முதல் ஆட்டம். ஒரு சிம்மாசனம், அதற்கு அண்ணன் தம்பி இரண்டு பேர், கதவுக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாவார்கள், தூதுவன் வந்து சொல்லுவான். வருஷா வருஷம் துணிச்சலான நாடகத்துக்கு விருது கொடுக்கிற குழுவின் தலைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தாடி, மறு பக்கம் கோட்டு. தூதுவரின் உடையைப் போட்டுவிட்டு இடுப்புப் பையில் சுருளைச் செருகுவது என் வேலை. நான் செருகினேன்.

வேண்டுமென்றே மாற்றி வைத்தேன் என்று பிறகு சிலர் பேசினார்கள். அவ்வளவு துணிச்சல் எனக்கு இருந்தால் விசாரணையிலேயே கத்தியிருக்க மாட்டேனா? நாடகச் சுருளும் என் சுருளும் தையல் மெஷின் இழுப்பறையில் ஒன்றாகக் கிடந்தன. ஒரே தட்டச்சர், ஒரே தாள், ஒரே சிவப்பு நாடா. இரண்டும் ‘ஐயகோ’ என்றே ஆரம்பித்தன. படிவம் அவர்களுடையது.

தூதுவர் மூச்சு வாங்க மேடைக்கு ஓடினார், சுருளை விரித்தார், அண்டாக் குரலை எடுத்தார்.

“ஐயகோ! கேளுங்கள், நகரத்தாரே! காலை ஒன்பதே கால் மணிக்கு ஏணியில் நின்றான் தச்சன். யார் பெயர் மேலே என்று அறிய இருவர் கீழே நின்றார். கேளுங்கள், பெரியோரே! கொம்பு கோத்த இரண்டு எருதுகள் நடுவில் இருக்கும் செடியைப் பார்ப்பதுண்டோ? ‘சார், மேல நான் இருக்கேன் சார்’ என்றான் அவன். கேளுங்கள், தாய்மாரே! இருவரும் இன்னொரு முறை தள்ளினார்.”

அது என் சுருள் என்று பக்கவாட்டில் நின்ற எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடையில் கூட்டுப்பாடகர்கள் வழக்கம்போலத் தலையில் கைவைத்தார்கள். அதில் ஒரு பெண்மணி மட்டும் கையை எடுத்துவிட்டு நிஜமாகவே விசும்பி அழுதார். அன்றைக்கு டீக் கோப்பையோடு ஏணிக்கு மிக அருகில் நின்றவர் அவர். முதல் வரிசையில் தாடியின் முகத்திலும் கோட்டின் முகத்திலும் ஈயாடவில்லை. தூதுவர் கடைசி வரி வரை படித்து, என் கையெழுத்தையும் தேதியையும்கூட உருக்கமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார். “கூட்டம் இன்னைக்கு நல்லா கேட்டுச்சு இல்ல?” என்றார் என்னிடம்.

ஆட்டம் முடிந்து கைதட்டல் அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. விருதுக்குழுத் தலைவி மேடையேறினார். ஆயிரக்கணக்கான வருஷப் பகையை, ராஜ குலத்து வாளை, ஓர் அலுவலக நடைபாதைக்கும் ஏணிக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று தழுதழுத்தார். நம் காலத்து வன்முறை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு மரியாதையாக, கோட்டுப் பொத்தான் கழலாமல் நடக்கிறது என்று காட்டியிருக்கிறீர்கள் என்றார். தாடியும் கோட்டும் நாற்காலியை விட்டு மெல்ல நழுவப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவி கடைசியாகக் கேட்டார்.

“இந்தக் கற்பனை யாரோடது?”

கற்பனை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். விருது ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும், ஏணியைத் தள்ளும் அந்தக் காட்சி யாருடைய படைப்பு என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று கடிதம் வந்தது. தாடி இரண்டு பக்கம் எழுதினார். ‘ஏணியைத் தள்ளியது நானே. முதலில் தள்ளியதும் நானே. நண்பர் தள்ளியது என் தள்ளலின் நகல்.’ கோட்டு இரண்டு பக்கம் எழுதினார். ‘அவர் ஏணியைத் தொட்டார், அவ்வளவே. தொடுதலைத் தள்ளுதல் என்று சொல்வது அறிவு நாணயமன்று. ஏணி சாய்ந்த திசையே சாட்சி. தள்ளியது நானே.’

செய்துகாட்டட்டும் என்று செயலாளர் அம்மா தீர்ப்புச் சொன்னார். அதே நடைபாதை, அதே ஏணி. மேலே யாராவது நின்றால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தலை சுற்றும் என்று சொல்லி மென்று விழுங்கினேன். கடைசியில் செத்த ராஜாவுக்காக வைத்திருந்த வைக்கோல் பொம்மையை ஏணியில் கட்டினார்கள். தாடி ஒன்பது தடவை தள்ளினார், கோட்டு ஒன்பது தடவை தள்ளினார். கூட்டுப்பாடகர்கள் பதினெட்டுத் தடவை தலையில் கைவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பொம்மையின் தலை பிய்ந்து வந்தது. நான் மூலையில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தரையை நான்தான் கழுவினேன் என்பது அங்கே இருந்த ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன் தள்ளினேன் என்று எழுதிவிட்டார்களே. செயலாளர் அம்மாவிடம் ஓடினேன். இப்போதாவது விழுந்தார் என்பதை அடித்துவிடலாமே என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“அது கலைக் கோப்பு, இது நிர்வாகக் கோப்பு. ஒண்ணுல இருக்கறதை இன்னொண்ணுல சேர்க்க முடியாதுங்க. கலையில தள்ளியிருக்காங்க. நிர்வாகத்துல அவர் விழுந்திருக்கார். ரெண்டும் உண்மைதான்” என்றார்.

நகலாவது கொடுங்கள் என்று கேட்டேன். அதில் ஒரு தடையும் இல்லை, அவர்கள் எழுத்தை நாலு பேர் படித்தால் அவர்களுக்கும் சந்தோஷம்தான் என்று நாலு பக்கத்தையும் நகலெடுத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். முத்திரைகூடக் குத்தினார்.

மாப்பிள்ளையை அதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னலோரம் கட்டில். வலது கை தலையணை மேல் கிடந்தது. வேலை நீக்க உத்தரவு அலமாரி மேல் மடித்து வைத்தபடியே இருந்தது. நான் உறையைத் தூக்கிக் காட்டினேன். எழுதிக் கொடுத்துட்டாங்க, ரெண்டு பேருமே தள்ளினோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க என்றேன். தங்கச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்தாள். நானே தள்ளினேன், நானே தள்ளினேன் என்று வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது பக்கம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார். வாயைக் கூட்டிச் சொல்ல வெகுநேரம் ஆனது.

“இதுல… நான் எங்க… மச்சான்?”

நான் தாள்களை வாங்கினேன். முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படித்தேன். தள்ளியவர் இருந்தார், தள்ளிய திசை இருந்தது, தள்ளிய அழுத்தம், தள்ளலின் தத்துவம் எல்லாம் இருந்தன. தங்கச்சி என் தோளுக்கு மேலே குனிந்து தானும் தேடினாள். கடைசிப் பக்கம் வரை போய், திரும்பவும் முதலிலிருந்து வந்தேன். ஏணி பதினேழு இடத்தில் இருந்தது.